தேவராஜ் அண்ணனும் வேன் ஃப்ரிட்ஜும்

செவ்வாய்க்கிழமை காலை நம் மில்பிடாஸ் டிபன் கடையில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்து, அவரே கிரைண்டரை நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "தேவராஜ் போயிட்டாரும்மா. தூக்கத்துலயே" என்றார். முந்தின நாள்தான் தோசைக்கல்லைத் தேய்த்து வைத்துவிட்டு, "வர்றேன் அம்மிணி" என்று போனவர்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை பார்க்கும், சாப்பிட வரும் உங்கள் எல்லாருக்கும் அண்ணனைத் தெரியும். தோசை மாஸ்டர் என்று பேர், அடுப்பு மக்கர் செய்தாலும் அவர்தான். ஒருநாள் மத்தியானக் கூட்டத்தில் பெரிய அடுப்பு அணைந்துபோனது. நாங்கள் லைட்டரோடு ஓடினோம். அவர் பின்னால் போய் வால்வை மூடினார். "கேஸ் வாடை வந்தா மொதல்ல மூடோணும். அப்புறந்தான் ரோசனை" என்றார்.

போன கோடையில் நடந்ததை இன்று எழுதியே ஆக வேண்டும். அதில் அண்ணன் மேல் ஒரு பழி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் உள்ளேயே தங்கிச் சமைக்கிற மாதிரி பழைய கேம்பர் வேன் ஒன்று வாங்கினார். வாங்குவதற்கு முன்னால் அண்ணன்தான் அதிலிருந்த, கேஸ் தீயில் ஓடும் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "நல்லா இருக்குங்க மாப்ளே" என்றார். கோவில் வாசலில் பூஜை போட்டோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். மறுநாள் நாங்கள் மூன்று பேரும் அண்ணனும் மலைப்பக்கம் சுற்றக் கிளம்பினோம். மகள் காவ்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். பத்து நாளுக்கான இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், வண்டி நிறுத்தித் தங்கும் மலையடிவாரத்துக் கேம்ப்கிரவுண்டில் வெயில் அனலாகக் கொதித்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் மருந்து டப்பா வெதுவெதுவென்று இருந்தது. வேனுக்குள் கேஸ் வாடை. வீட்டுக்காரர் பற்றவைக்கும் பட்டனை டிக் டிக் என்று அமுக்கினார். அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்தார், வண்டிச் சாவியையும் உருவிக்கொண்டார்.

"விடுங்கண்ணா! நீங்க பாத்துச் சொன்ன ஃப்ரிட்ஜ்தானே இது?"

"எறங்குங்க மாப்ளே. எல்லாரும் எறங்குங்க."

"மருந்து கெட்டுப்போனா எம் பொண்ணு கதி என்ன? ஐஸ் வாங்கணும்னா ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ணணும். சாவியக் குடுங்க."

"வாடை போற வரைக்கும் சாவியத் தொடக் கூடாதுங்க."

சிலிண்டரை மூடினார். கதவு ஜன்னலையெல்லாம் திறந்து விட்டார். மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரத் துண்டில் சுற்றி, காற்று அடிக்கிற மர நிழலில் தொங்கவிட்டார். காவ்யா, "அங்கிள், வில் இட் பி ஓகே?" என்று கேட்டாள். "ஆயிரும் கண்ணு. துண்டு காயாம நீ தண்ணி தெளிச்சுட்டே இரு" என்றார்.

வேன் சாய்ந்து நின்றாலும் இந்த ஃப்ரிட்ஜ் குளிராதாம். வேன் தரையில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார், சமமாகத்தான் நின்றது. பிறகு வெளிப்பக்கம் போய், வேனின் பின்பக்கம் ஃப்ரிட்ஜுக்குக் காற்றுப் போக ஓட்டைகள் விட்டிருக்கும் தகட்டைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். தீ எரிகிற குழாய் வாயில் கருகிய பூவிதழ், கூடவே ஐந்து மஞ்சள் அரிசி.

பூஜையில் எல்லாரும் வண்டிக்கு முன்னால் நின்று பூவும் அட்சதையும் போட்டார்கள். பின்பக்கம் விட்டுப்போகக் கூடாதென்று சுற்றி வந்து கைநிறைய இறைத்தவள் நான் மட்டும்தான். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அரிசியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்ன இருந்துச்சு?" என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து கேட்டார்.

"சிலந்திக் கூடுங்க. நாந்தான் முன்னாடியே பாத்திருக்கோணும்."

"இதைக்கூடப் பாக்காம என்னத்த செக் பண்ணினீங்க?"

நான் டார்ச்சை அணைத்துவிட்டு பிரஷ் தேடப் போனேன்.

பல் தேய்க்கும் பிரஷால் குழாயைச் சுத்தம் செய்தார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே பற்றவைத்தார். தீ நீலமாக, ஆடாமல் நின்றது. ஆனால் இந்த ஃப்ரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் ஆகும். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காவ்யாவுக்கு அந்த மருந்தையே போட்டோம். அடிக்கடி விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை இறங்கியது. அப்புறம்தான் அண்ணன் சாப்பிட்டார்.

வீட்டுக்காரர் கடைக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லப் போய், நீங்கள் எல்லாரும் அவரை 'ஸ்பைடர் அண்ணா' என்று கூப்பிட்டுச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். "ஏண்ணா மறைச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன் அம்மிணி. அதுக்கு மேல ஒரு பழி உனக்குத் தாங்காது" என்றார்.

நேற்று வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து போய், தன் போனில் அண்ணன் நம்பருக்கு 'ஸ்பைடர்' என்று இருந்ததை அழித்து, 'தேவராஜ் அண்ணா' என்று மாற்றினார்.

அந்த அரிசியை ஊருக்குத் திரும்பும் வழியில் அண்ணன் என் கையில் வைத்து மூடினார். என் குங்குமச் சிமிழில் ஐந்தும் இருக்கின்றன. குழாயில் சிலந்தி எதுவும் இல்லை. அரிசியைப் போட்டவள் நான். இனி யாரும் அவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.