ஃபோனில் போன கெட்டிமேளம்

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால், என் மகளின் கல்யாணத்தை அவர் வேலை பார்த்த இன்ஸ்ப்ருக்கிலேயே வைப்பதாக முடிவானது. ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் பழைய ஊர். தொண்ணூறுகளின் கடைசி. அரண்மனை மாதிரி ஒரு மண்டபம் கிடைத்தது, புரோகிதரும் கிடைத்தார், நாதஸ்வரம்தான் கிடைக்கவில்லை.

"கேசட் போட்டுக்கலாம்மா," என்றாள் மகள்.

புரோகிதர் கையைத் தூக்கும் அந்த நொடியில் மேளம் கொட்ட வேண்டும். யாராவது தும்மினாலும் காதில் விழக்கூடாது. கேசட் அவர் கையைப் பார்க்குமா? "மேளம் இல்லாம தாலி கட்ட விடமாட்டேன்," என்றேன்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டு ஹாலில் மேளக்காரர்களை உட்காரவைக்க ஏற்பாடு செய்தேன். வர முடியாத சொந்தக்காரர்களும் அட்சதையோடு அங்கே கூடுவார்கள். நான் ஃபோனில் குரல் கொடுத்ததும் கொட்ட வேண்டியதுதான்.

"இன்னாம்மா, மாப்ள அங்க கீறாரு, நாங்க ஃபோனுக்கா வாசிக்கணும்?" என்றார் தவில்காரர்.

"ஆமாம், ஃபோனுக்குத்தான்."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஃபோன் மண்டபத்துக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் இருந்தது. அதனால் என்ன? முகூர்த்தத்தில் கதவருகே நின்ற கணவர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்!" என்று கத்திவிட்டு, ரிசீவரைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். தவில் சன்னமாக, ஆனால் சரியான நொடியில், உள்ளே போனது.

மகள் கழுத்தில் தாலி ஏறியதை, இரும்புலியூரில் இருந்தவர்களைப் போல நானும் ஆல்பத்தில்தான் பார்த்தேன்.