சிவந்த இறால்

மாமாவின் அந்த இறால் ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆற்றங்கரையில் இருந்த நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அதைச் சொல்லிவிடுவார். ஆற்றில் ஓர் இறால் உடம்பெல்லாம் சிவந்துபோய் வீடு திரும்புகிறதாம். குடித்துவிட்டு வந்தாயா என்று பெண்டாட்டி இறால் சண்டைக்கு வருகிறதாம். "அட நீ வேற. கரண்டு கம்பெனி வாய்க்காலாண்ட குளிச்சிட்டு வரேன், ஒரே சுடுதண்ணி" என்கிறதாம் புருஷன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாதான் அதிகம் சிரிப்பார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆத்திரம் ஆத்திரமாக வரும். இறால் வெந்தால்தான் சிவக்கும். வெந்தால் செத்துவிடும். செத்தது எப்படி வீட்டுக்கு வரும்? சரி, பாதிதான் வெந்தது என்றால் பாதிதானே சிவக்க வேண்டும்? எந்தப் பாதி? கேட்டால், "இந்தப் பொண்ணோட ஒரே பேஜாரு" என்று மாமா தலையில் குட்டுவார். பதில் தெரியாதவர்கள்தான் குட்டுவார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அத்தைக்கு ராயபுரத்தில் சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்திருந்த மதியம் அது. ஆற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பதில் அப்பாவுக்குப் பெயர் உண்டு. அது அவர்கள் காதுக்கும் போயிருந்தது. இலையில் இறால் தொக்கு விழுந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, இது நீங்கள் பிடித்த ஆற்று இறால்தானே என்று அப்பாவை ஆசையாகக் கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா ஜோக்கை ஆரம்பித்துவிட்டார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"எல்லாம் பொய்யி. காலைல அம்மா காசிமேட்டுல எறா வாங்கினு வந்துச்சே, அது செவப்பாவா இருந்துச்சு? சட்டில போட்டப்புறம்தான் செவந்துச்சு. நைனாவும் பார்த்துச்சு."

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "அதனால இன்னா, நல்லாத்தான் கீது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அதைக் கேட்டபிறகுதான் அப்பா எழுந்து கை கழுவப் போனார். அவர் இலையில் தொக்கு தொடாமலே இருந்தது. மாமா என்னைக் குட்டக்கூட இல்லை. இவ்வளவு தெளிவாக நிரூபித்தும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையே என்று அன்று முழுக்க எல்லோர் மேலும் கடுகடுவென்று இருந்தேன்.

அப்பா வெறும் கையோடு ஆற்றிலிருந்து வரத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நாங்கள் விலைக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு என்ன கிடைத்தது என்று யாராவது அப்பாவைக் கேட்டபோதெல்லாம்தான் மாமா அந்த ஜோக்கைச் சொல்லியிருக்கிறார்.

மாமா மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஜோக்கை நினைத்தால் வரும் கோபம் மட்டும் போகவில்லை. அந்த ஜோக்கில் நிஜம் ஒன்றே ஒன்றுதான், ஆற்றில் இறாலையே இல்லாமல் செய்த சுடுதண்ணீர். இறாலின் நிறத்தையும் சாவையும் குடைந்து குடைந்து கேட்ட நான், அந்தத் தண்ணீரை யார் விடுகிறார்கள் என்று மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை.