ஜே என்ற எழுத்தோடு ஒரு வாரம்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மக்களே. ஒரு வாரம் முழுக்க, மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, ஆங்கில எழுத்து ஜேயில் ஆரம்பிக்கும் வெப்சைட்டாகத் தேடித் தேடிப் பார்த்தவன் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனி... டிஸ்பாட்ச் ஆபீஸ். கதவைத் திறந்தாலே சுட்ட இரும்பு வாசனை. உள்ளே ஒரே ஒரு ஏசி. அதுவும் எங்களுக்கில்லை, கம்ப்யூட்டருக்கு! மேனேஜர் சம்பத் சாருக்குப் புதுசு வாங்கியபோது அவருடைய பழசு எங்களுக்கு வந்தது. ஆபீஸிலேயே அதில் மட்டும்தான் நெட் கனெக்‌ஷன். கீபோர்டு முழுக்கக் கருப்புத் தூசி.

அதை நானும் அக்கவுண்ட்ஸ் ரோசலின் அக்காவும் பகிர்ந்துகொண்டோம். சனிக்கிழமை மட்டும் சம்பத் சாரும் வந்து உட்காருவார். பெரிய கஸ்டமர் கம்பெனி ஒன்றின் சைட்டில் ஆர்டர் பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனி பெயரும் ஜேயில்தான் ஆரம்பம்.

எனக்கு அப்போது ஆறு மாத புரொபேஷன் முடிகிற நேரம். லெட்டர் கைக்கு வருமுன்பே அப்பா எங்கள் ஊர் ஆரம்பாக்கம் முழுக்க "பையன் பர்மனன்ட் ஆயிட்டான்" என்று சொல்லி முடித்திருந்தார்.

நானோ, வேலை தேடும் சைட் ஒன்றில் எதிர் கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் சம்பளமில்லை. அந்தக் கேன்டீனில் தினமும் முட்டை போடுகிறார்கள் என்று கேள்வி.

ஒரு சனிக்கிழமை சார் உட்கார்ந்து ஜே தட்டினார். ஏற்கெனவே அதில் பார்த்த ஜே சைட்களின் பட்டியல் கீழே விழுந்தது. முதல் வரியில் என் வேலை தேடும் சைட்!

நான் பின்னால் நின்றிருந்தேன். சார் தோளை லேசாக நகர்த்தி ஸ்கிரீனை மறைத்துக்கொண்டார். உற்றுப் படிக்கிறார் என்று நினைத்தேன். ஆர்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமைதான் என் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர்...

பார்த்தாரா, பார்க்கவில்லையா? தெரியாது. அடுத்த தடவை அது கண்ணில் படக்கூடாது. ஹிஸ்டரியை அழிக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அழிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? புதைப்பான்.

ஜேயில் ஆரம்பிக்கும் சைட்டாகப் போட்டால் பழசு கீழே போய்விடும் என்று கணக்கு. ஜாதகம், ஜுவல்லரி, ஜிமிக்கி, ஜாஸ்மின், ஜப்பான்... பாதி திறக்கவே இல்லை. வியாழக்கிழமை சரக்கு தீர்ந்துபோய் ஜாண்டிஸ் வரை வந்துவிட்டேன். மஞ்சள் காமாலைக்கு எதைச் சாப்பிடக்கூடாது என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை ரோசலின் அக்கா பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்.

"இன்னாடா, ஜிமிக்கில்லாம் பாத்துக்கினு கீற? ஊட்டுல பொண்ணு பாத்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா..."

"டேய், ஜாதகம் வேற பாத்துகீற. யாராண்ட மறைக்கிற?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சிரித்து வைத்தேன். சாயங்கால ஷிப்ட் வருவதற்குள் கேன்டீன் வரை எனக்குக் கல்யாணம்.

சனிக்கிழமை சார் வந்தார். ஜே தட்டினார். ஜிமிக்கி, ஜாண்டிஸ், ஜப்பான் என்று வரிசையாக விழுந்தது. என் சைட்டைக் காணோம். சார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, கல்யாணமாமே? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சார்... அது வந்து..."

"வெக்கப்படாதப்பா. குடும்பஸ்தனாவப் போற. லெட்டர் இன்னிக்கே போட்டுர்றேன்."

போட்டார். அப்பா சொன்னது உண்மையானது.

அப்புறம் கல்யாணத்தைக் கலைக்க வேண்டுமே? ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னேன். இல்லாத பெண்ணுக்காக ரோசலின் அக்கா வருத்தப்பட்டு, ஒரு வாரம் வீட்டிலிருந்து எனக்கு முட்டைக் குழம்பு கொண்டுவந்தார். எதிர் கம்பெனி நினைப்பே போய்விட்டது.

ஒரு வருஷம் கழித்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "பேஜாரு புடிச்சவனே, ஹிஸ்டரில போய் ஒரு பட்டன அமுக்குனா அல்லாம் போயிடுமேடா!"

இப்போது திருநின்றவூர் ஃபிளாட்டில் அக்கம்பக்கத்தார் யார் கேட்டாலும் நான்தான் கம்ப்யூட்டர் ஆலோசகன். பொது சிஸ்டத்தில் வேலை முடிந்ததும் சைன் அவுட் பண்ணுங்கள். பாஸ்வேர்டை சேவ் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று தட்டுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் ஹிஸ்டரியை அழிக்க வழி வரும். பிரைவேட் விண்டோவை ரொம்ப நம்பாதீர்கள். அது வீட்டுக்காரம்மாவிடமிருந்து மறைக்கும், ஆபீஸ் நெட்வொர்க்கிடமிருந்து மறைக்காது.

இவ்வளவு பேசுகிற நான் போன வாரம் போனில் ஒரு செருப்பு பார்த்தேன். அந்தச் செருப்பு விளம்பரமாக, எந்த சைட்டுக்குப் போனாலும் என் பின்னாலேயே நடந்து வருகிறது...

அன்றைக்கு என்னைக் கவனித்தது இரண்டே பேர். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். ஒருத்தர் எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார், இன்னொருத்தர் லெட்டர் கொடுத்தார். இன்று கவனிப்பது யாரென்றே தெரியவில்லை. அவர் குழம்பு கொண்டுவரப் போவதுமில்லை.

சம்பத் சார் எனக்கு லெட்டர் போட்ட மூன்றே மாதத்தில் எதிர் கம்பெனிக்குப் போய்விட்டார்.

நேற்று இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வேலை தேடும் சைட்டின் பெயரை நான் ஒரு தடவைகூட முழுசாக டைப் பண்ணியதில்லை. சம்பத் சாரிடமிருந்து கம்ப்யூட்டர் எங்கள் மேஜைக்கு வந்த முதல் நாளே, ஜே தட்டியதும் அது தானாக வந்து நின்றது.