கொழும்புக்குக் கட்டிய மூட்டைகள்

எங்கள் அம்மா கொழும்புக்குச் சாமான் கட்டியதைப் பார்த்தவர்கள் யாரும் நாங்கள் திரும்பி வருவோம் என்று நினைத்திருக்கமாட்டார்கள். போனதோ நாடகமும் படமும் கடற்கரையும் பார்க்க, மூன்று நாளுக்கு. கட்டிய சாமானோ ஒரு குடும்பம் போன இடத்தில் அடுப்பு மூட்டிக் குடியிருக்கப் போதும். எனக்கு அப்போது எட்டு வயது. பயணம் என்றால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் கட்டுவார்கள் என்று நம்பிக்கொண்டு நானும் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தேன்.

எங்களைக் கூப்பிட்டவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஒரு நாடக மண்டபத்தில் மேடை விளக்குகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. எங்கள் உருத்திரபுரத்தில் சித்திரை மாதம் என்றால் வெயில், புழுதி, சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற கதை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இளவேனில் என்று ஒன்று இருந்தது. அது கொழும்புக்கு மட்டும் வருகிற சாமான் என்று மாமாவின் தொலைபேசிக் கதைகளைக் கேட்டு நான் முடிவுகட்டினேன். அங்கே தெருவோர மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு ரோசாப்பூ நிறத்தில் பூத்து நிற்கின்றனவாம். அந்த மரங்களின் கீழே ஓவியர்கள் தங்கள் படங்களை வரிசையாகச் சாத்தி வைத்திருக்கிறார்களாம். கடற்கரையில் பட்டமாம், மண்டபங்களில் பாட்டும் நாடகமுமாம்.

இவையெல்லாம் கிடக்கட்டும். மாமா எனக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். விடுமுறைக்குச் சிறுவர் நாடகம் ஒன்று போடுகிறார்களாம். அதில் நிலா எழும்பும் காட்சி உண்டாம். "நிலாவை நீங்கள்தான் ஏத்தப் போறியள், பிள்ளை. நான் பக்கத்தில சும்மா நிப்பன்," என்றார். அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் சொன்னேன். நிலாவை ஏற்றாமல் திரும்பி வந்தால் பள்ளிக்கூடப் படலைக்குள் காலே வைக்க முடியாது என்ற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

அம்மா போவதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம். சம்மதித்த அடுத்த நாளே மூட்டை கட்டத் தொடங்கினார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். அடி கரிபிடித்த பெரிய பானை. தேங்காய் துருவுகிற திருவலை. மழைக்குப் போர்த்த ஒரு தறப்பாள். லாம்பு, நெருப்புப் பெட்டி, உப்பு. எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி. கலியாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலை. அப்பா கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் சும்மா இருக்காமல் கேட்டார்.

"கதவையும் கழட்டட்டோ?"

அம்மா சிரிக்கவில்லை. முன்கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே யோசிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"இஞ்சேர், மூண்டு நாளுக்குத்தானே போறம்," என்றார் அப்பா, இப்போது மெதுவாக.

"அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னவை. ரெண்டு நாளில திரும்பி வரலாம், ஒண்டும் எடுக்கத் தேவையில்லையெண்டு."

அப்பா கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கயிறு எடுத்து வந்து பானையை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

சண்டைக்காலத்தில் வீட்டை விட்டு ஓடியதற்குச் சொல்கிற இடம்பெயர்வு என்ற சொல் எனக்குப் புதிதல்ல. மற்ற வீடுகளில் கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் வைத்துக் காலம் சொல்வதுபோல எங்கள் வீட்டில் அதை வைத்துச் சொல்வார்கள். அந்தப் பானை முதலாம் இடம்பெயர்வுக்கு முன்னம் வாங்கினது, அண்ணன் நடை பழகியது கண்டாவளையில் இருக்கும்போது, இப்படி. கடைசிப் பயணத்தில் நானும் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இவ்வளவு ஊர் சுற்றியவர்கள் இப்போது ஏன் கொழும்புக்குப் போக இந்தப் பாடு படுகிறார்கள் என்றுதான் எனக்கு யோசனை போனது.

புறப்படுகிற அன்று அம்மா கோழிகளைக் கூட்டோடு பக்கத்து வளவு அக்காவிடம் கொடுத்தார். "முட்டையை நீங்களே எடுங்கோ. குஞ்சு பொரிச்சாலும் உங்களுக்குத்தான்," என்றார். அந்த அக்காவும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இவர்கள் கட்டிப்பிடித்து முடிக்கிறதற்குள் ரயில் போய்விடப் போகிறதே என்று பொருமிக்கொண்டு நின்றேன்.

கிளிநொச்சி ஸ்ரேசனில் ஒரு ஐயா எங்கள் மூட்டைகளைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். "கொழும்பில வீடு வாங்கிட்டியளோ?" என்று கேட்டார். அண்ணன் வெட்கத்தில் எங்களைத் தெரியாதவன்போல நடைமேடையின் மற்ற முனைக்குப் போய் நின்றுகொண்டான். கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் எங்களை எதிர்பார்த்து நின்ற மாமாவோ, பானை முதலில் இறங்கியதைக் கண்டதும் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். ஆனால் ஒரு சொல் பகிடி பண்ணவில்லை. பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவ்வளவு சனத்துக்குள்ளும் மாமா அந்தக் கரிப்பானையோடு ராசா மாதிரி நடந்து போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளவத்தையில் மாமாவின் அறை மாடியில் இருந்தது. மூட்டைகளை அடுக்கியபின் எங்களுக்கு நிற்க இடமில்லை. அன்று பின்னேரம்தான் நாடகம். மாமா முன்கூட்டியே மண்டபத்துக்குப் போய்விட்டார். நாங்கள் வெளிக்கிட்டபோது அம்மா முக்கியமான சாமான்களை ஒரு பெரிய பைக்குள் திணித்துக் கையில் எடுத்துக்கொண்டார். உறுதியும் பத்திரங்களும் சேலையும் சரி, திருவலை எதற்கு என்று அண்ணன் கேட்டான். "போற இடத்தில ஆர் தருவினம்?" என்றார் அம்மா.

மண்டப வாசலில் காவல்காரர் மறித்தார். நரைத்த மீசைக்காரர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ளே கல்லா?" என்று சிரித்தார். பெரிய பை உள்ளே கொண்டுபோக ஏலாது, தன்னிடம் தந்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று சைகையும் சொல்லுமாக விளங்கப்படுத்தினார். அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"குடுக்கமாட்டன்."

"அப்ப நான் பையோட வெளியில நிக்கிறன். நீங்கள் மூண்டு பேரும் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றார் அப்பா.

"ஒருத்தரும் பிரியக்கூடாது. போனா எல்லாரும், இல்லாட்டி ஒருத்தரும் வேண்டாம்."

உள்ளே மணி அடித்தது. எங்களைத் தாண்டிப் பிள்ளைகள் வண்ண வண்ணச் சட்டைகளோடு ஓடிப் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர்காற்றும் மத்தளச் சத்தமும் வந்தன. என் நிலா அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் தரையில் குந்திக்கொண்டு குரலெடுத்து அழத் தொடங்கினேன். அண்ணன் என்னை அடக்கப் பார்த்தான்.

அழுகைச் சத்தம் கேட்டோ என்னவோ மாமா பக்கத்துக் கதவால் ஓடி வந்தார். கழுத்தில் வயர், கையில் ஒரு டோர்ச். நிலைமை அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இந்த மண்டபம் எங்கயும் போகாது. நாடகம் முடிய நீங்கள் இந்த வாசலாலதான் வருவியள். பையும் இங்கதான் இருக்கும்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன், அக்கா. நானும் உங்களோட எல்லா இடமும் வந்தவன்தானே."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு பையைக் காவல்காரரிடம் நீட்டினார், ஆனால் அவர் வாங்கியபின்னும் அதன் கைபிடியை விடவில்லை. காவல்காரரும் இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு குந்தியிருந்த என்னை எழுப்பி என் கையைப் பிடித்தார். அதையும் மாமாவின் கையில் வைத்தார்.

"கையை விட்டுடாதை," என்றார் மாமாவிடம்.

நான் கண்ணைத் துடைக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் மாமாவின் இடம். விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் காட்டி, இதுதான் நிலா என்றார். அந்தக் காட்சியில் ஒரு கிழவரும் ஒரு முயலும் இருட்டில் வழி தெரியாமல் பாட்டுப் பாடுவார்கள். பாட்டு முடியும்வரைக்கும் கட்டையை மெல்ல மெல்ல மேலே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நிலா பல்பு மாதிரிப் பத்திவிடும். எனக்கு எல்லாம் விளங்கியது. ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

பாட்டுத் தொடங்கியது. நான் தள்ளினேன், எறும்பு ஊர்கிறதுபோலத்தான் தள்ளினேன். பின்திரையில் வெள்ளையாக ஒரு விளிம்பு எழும்பியது. நான் செய்தது! அதை அம்மா காண்கிறாரா என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. திரை இடுக்கால் தலையை நீட்டினேன். தலை போன பக்கம் கையும் போய்விட்டது. நிலா ஒரே பாய்ச்சலில் முழுதாகப் பத்தி மண்டபம் முழுக்க வெளிச்சம் கொட்டியது. மாமா "ஐயோ!" என்றார். மேடையில் இருட்டில் தடவிக்கொண்டிருந்த கிழவர் தடுமாறி நின்றார். பிறகு அண்ணாந்து பார்த்து, "இவருக்கு இண்டைக்கு என்ன அவசரமாம்?" என்று கேட்டார். முயல், "பசிபோல கிடக்கு, சாப்பாட்டுக்கு வந்திட்டார்," என்றது.

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. அந்த வெளிச்சத்தில் நான் அம்மாவைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் வரிசை. வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அது தெரியாமல் செய்த பிழையின் பலன் என்றாலும், எனக்கு உள்ளுக்குள் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

வெளியே வரும்போது மழை தூறியது. காவல்காரர் எங்கள் பையைத் தன்னுடைய கதிரையில் வைத்துக் குடையை அதற்குப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு நின்றார். அம்மா பையைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "பெரிய உபகாரம், ஐயா," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் நாங்கள் வெளிக்கிட்டபோது அந்தப் பை அறையில் மற்ற மூட்டைகளுக்குமேல் கிடந்தது. அம்மா கதவடிவரைக்கும் வந்து ஒருதரம் திரும்பிப் பார்த்தார், பிறகு படியிறங்கினார். அன்று முழுதும் நடந்தோம். பூ மரங்களின் கீழே படங்களைப் பார்த்தோம். உதிர்ந்த பூவொன்றை எடுத்து அப்பா அம்மாவின் தலையில் வைக்க, அம்மா "சனம் பாக்குது, சும்மா இருங்கோ," என்று ஏசினார், பூவை எடுக்கவில்லை. பின்னேரம் கடற்கரையில் இறால் வடை தின்றோம். அண்ணன் பட்டம் விட்டான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நனைத்தார். வெறுங்கையோடு நடக்கும்போது அம்மாவின் கைகள் இரண்டும் எங்கே போவதென்று தெரியாமல் ஆடின. கடைசியில் ஒன்று என்னையும் மற்றது அண்ணனையும் பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும்போது மூட்டைகள் கட்டியது கட்டியபடியே வந்தன. பானை ஒருதரமும் அடுப்பேறவில்லை என்று அப்பா ரயில் முழுக்கக் கேலி பண்ணினார். அம்மாவும் சிரித்துக்கொண்டு வந்தார். ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவர் பேச்சு நின்றது. கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் கூரை தெரிந்தது. பிறகு சுவர். பிறகு கொடியில் அப்பாவின் சாரம், எடுக்க மறந்தது, காய்ந்து விறைத்துப்போய்த் தொங்கியது.

அம்மா ஓட்டோ நிற்கமுன்னமே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். நான் பின்னால் ஓடினேன். குசினி மேசையில், புறப்பட்ட அவசரத்தில் நான் பாதி குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பை அப்படியே இருந்தது, விளிம்பில் எறும்பு வரிசையோடு. செத்தேன் என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஊத்தைக் கோப்பை என்றால் பத்திரகாளி வரும். அம்மா கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். பார்த்துக்கொண்டே நின்றவர் நிலத்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்க அழுதார். அப்பா மூட்டைகளை முற்றத்திலேயே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. கொழும்பு முடிந்துவிட்ட கவலை. எனக்கும் அதே கவலைதான்.

"அழாதேங்கோ, அம்மா. அடுத்த வருசமும் போவம்," என்றேன்.

"ஓம், பிள்ளை, போவம். இனி எங்கயும் போவம்," என்றார், அழுதுகொண்டே சிரித்தபடி.

நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள இதுவே தருணம் என்று எண்ணி, கோப்பையைக் கழுவக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்."

மூட்டை கட்டிக்கொண்டு ஒரு வீட்டைப் பூட்டிப் போய், திரும்பி வந்து, விட்டது விட்ட இடத்திலேயே இருக்க அம்மா கண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எட்டு வயதில் எனக்கு விளங்கியதோ, அன்றைக்கு எனக்கு ஏச்சு விழவில்லை என்பது மட்டுந்தான்.