சாமியாத்தாள் எந்த ரகம்?

நீங்கள் ஒரு நாள் கோபப்பட்டதைப் பார்த்தவர், 'இவர் கோபக்காரர்' என்று காலத்துக்கும் முத்திரை குத்திவிட்டால் ஒப்புக்கொள்வீர்களா? குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் விளைவிக்கும் சாமியாத்தாள் ஒப்புக்கொள்ளவில்லை.

வாரம் முழுதும் காட்டு வேலை செய்பவளுக்கு ஞாயிறு மதியம்தான் கொண்டாட்டம். நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த வேளாண் அலுவலர் இமானுவேல் வீட்டில் கதையாட்டம் நடக்கும். அவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். களை பறித்த கை அங்கே வாள் பிடிக்கும். கணவன் மாரப்பனும் துணைக்கு வந்து கொட்டாவி விடுவான்.

ஒரு ஞாயிறு இமானுவேல் இணையத்தில் ஒரு கோட்பாட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆடுபவர்கள் மூன்று ரகமாம்: ஜெயிக்க ஆடுபவர், கதைக்காக ஆடுபவர், அந்த உலகத்தில் உலாவ ஆடுபவர்.

"மாரப்பண்ணே, உங்களுக்குச் சண்டையே பிடிக்கல, இல்லியா?"

"இத்தன நாளா இத ஒருத்தரும் கேக்கலீங்க சார். எனக்கு அந்தக் கதையில வர்ற சந்தையச் சுத்திப் பாக்கோணுமுங்க."

கொட்டாவி நின்றது. கோட்பாடு நல்லது செய்தது. அதை மறைப்பது நேர்மையில்லை.

அடுத்த ஞாயிறு கதையில் காட்டரக்கனோடு சண்டை. சாமியாத்தாள் வாளை உறையில் போட்டாள். "இவன் ஏன் ஒளிஞ்சு கெடக்கறான்? கேட்டுப் பாக்கறேனுங்க."

"அக்கா, நீங்க ஜெயிக்கிற ரகம். பேச்சு உங்க ஆட்டமில்ல. வெட்டுங்க," என்றான் இமானுவேல்.

வெட்டினாள், ஜெயித்தாள். பகடையைத் திருப்பிக் கொடுத்து, "இனி வரலீங்க சார்," என்றாள்.

பிறப்பைப் பார்த்து ஆளுக்கு வேலை விதித்த சமூகம் நம்முடையது. அந்தப் புத்தி விளையாட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டால் கோபம் வராதா?

சமாதானம் பேச இமானுவேல் அவளுடைய மிளகுத் தோட்டத்துக்கே போனான். பறிப்பு நாள். இன்று என் தோட்டத்தில் நீ, நாளை உன் தோட்டத்தில் நான் என்ற கணக்கில் அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். சாமியாத்தாள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏணி ஏறறயா, கீழ பொறுக்கறயா?"

"நேத்து ஏணி ஏறினேன்னு இப்பத்தான் சொன்ன கண்ணாயியக் கூடவா கேக்கறீங்க?" என்றான் இமானுவேல்.

"நேத்து முதுகு வேற, இன்னிக்கு முதுகு வேறங்க சார்."

இமானுவேல் கீழே சிந்திய மிளகைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஒரு தடவை மட்டும் வாங்கக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

ஞாயிறு அவள் மாரப்பனோடு போனபோது ஒரு தட்டில் மிளகும் சாமையும் கிழங்கு சிப்ஸும் இருந்தன. "மிளகு எடுத்தா சண்டை, சாமைன்னா கதை, சிப்ஸ்னா ஊர் சுத்தல். இன்னிக்கு என்ன வேணுமோ எடுங்க." அதே மூன்றுதான். போன வாரம் தீர்ப்பாக இருந்தது, இப்போது கேள்வியாகிவிட்டது.

மாரப்பன் சிப்ஸ் அத்தனையையும் தின்று முடித்தான்.

"யோவ், ஊரையே தின்னுட்டியே," என்றாள் சாமியாத்தாள். பிறகு ஒரு மிளகையும் சாமையில் ஒரு சிட்டிகையையும் எடுத்துக்கொண்டாள். "மொதல்ல பேசறேனுங்க. மசியலீன்னா வெட்டறேன்."

பகடை அவள் கைக்குத் திரும்பி வந்தது.

நீங்களும் அடுத்த முறை பகடையை உருட்டும் முன், பக்கத்தில் இருப்பவரிடம் 'இன்றைக்கு என்ன வேண்டும்?' என்று கேளுங்கள். போன வாரம் சொன்ன பதிலை அவர் நெற்றியில் ஒட்டாதீர்கள்.