கழற்ற முடியாத மூன்று கீல்கள்

பெயிண்டர்களில் ஆயிரம் ரகம் உண்டு. சுவரில் அடிப்பதைவிடத் தரையில் அதிகம் சிந்துகிறவன், பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்கு டீ குடிக்கப் போய் அப்படியே காணாமல் போகிறவன், எல்லோரையும்தான் பார்த்திருக்கிறோம். நம்ம ஆள் அந்த ரகமில்லை. சுவரும் மரமும் சேருமிடத்தில் பிரஷை வைத்தாரென்றால் ஒரே இழுப்பு, அளந்து போட்டதுபோல நிற்கும். ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷமாக அவருக்கு நேர்கோடு என்றே பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பாள்.

அந்த நேர்கோட்டுக்குப் போன வருஷம் கை நடுங்க ஆரம்பித்தது.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, கூடவே வேலை செய்யும் மச்சானிடமும் சொல்லவில்லை. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ரோலர் பிடித்துப் பெரிய சுவர்களை முடிப்பது அவன் வேலை, ஓரமும் விளிம்பும் மாமாவுடையது. கை போனது தெரிந்தால் பெயர் போகும், பெயர் போனால் வேலை போகும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எதைக் கற்றுக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

இதில் ஒரு வேடிக்கை. சாயங்காலம் பார்க்கும்போது கோணலாகத் தெரிகிற கோடு மறுநாள் காலையில் நேராக இருக்கும். காய்ந்தால் சரியாகிவிடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். முப்பது வருஷ அனுபவசாலி இதை நம்பலாமா? நம்பியே ஆகவேண்டும் என்றிருந்தால் மனுஷன் எதைத்தான் நம்பமாட்டான்!

அப்போதுதான் அந்தக் கீல் வேலை வந்தது. வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஏழு கதவுக்கும் வெள்ளை அடித்து, பழைய கீல்களைக் கறுப்பாக்கித் தரச் சொன்னார். ஒவ்வொரு கதவிலும் மூன்று கீல். நாலைந்து தரம் அடித்த பெயிண்டு அப்பி, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"புதுசே வாங்கிடலாமேம்மா," என்றான் மச்சான்.

"இந்தக் கனத்துல இப்போ எங்கப்பா கிடைக்குது? இதையே சரி பண்ணுங்க."

"எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றார் நேர்கோடு. "நின்ன இடத்துல அடிச்சா சுத்தமா வராதும்மா."

அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? கீல்களுக்கு எண் போட்டு, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்தார். பெயிண்டு தோல் தோலாக உரிந்து வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, பிரைமர் காட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டுக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். ஸ்ப்ரேக்குக் கை நடுங்கினால் என்ன, நடுங்காவிட்டால் என்ன? ஆறு கதவுகளின் பதினெட்டுக் கீல்களும் பளிச்சென்று வந்தன. அன்று அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஏழாவது கதவில்தான் மாட்டிக்கொண்டார். அந்த அறையில் அம்மாளின் கணவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார்.

"இதை மட்டும் கழட்டாதீங்கண்ணே. அவருக்குத் துணி மாத்தணும், கட்டுப் பிரிக்கணும், கதவு இல்லாம முடியாது. அப்படியே அடிச்சுடுங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

மச்சான் பழைய பெயிண்டைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனான். சுற்றிலும் புது வெள்ளை. நேர்கோடு வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரஷை வைத்தார். முதல் கீல் எப்படியோ தப்பியது. இரண்டாவதில் கை துள்ளி, நிலையின் மேல் கறுப்பு இழுத்துவிட்டது. துணியால் துடைத்தார், ஈஷிக்கொண்டு இன்னும் பரவியது. மூன்றாவது அதைவிட மோசம். மச்சான் பையில் ஒரு சுருள் டேப் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

"வெளிச்சம் போயிடுச்சும்மா, காலையில முடிச்சுடறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தார். அங்கே மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெல்லிய பிரஷால் வெள்ளையைத் தொட்டு, கீலின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

அவன் பிரஷை மறைக்கக்கூட இல்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒரு வருஷமா மாமா. அக்காதான் சொல்லுச்சு. அவருக்குத் தெரியாமப் பாத்துக்கோடா, தெரிஞ்சா உடைஞ்சிடுவாருன்னு."

அவருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. போன மாதம் ஒரு வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஜன்னல் ஓரத்தைக் காட்டிப் புகழ்ந்தபோது, இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அது இவன் போட்ட கோடு. இவன் அப்போது வெளியே ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தது. அது யார் மேல் என்று தேடியபோது வெட்கம்தான் மிஞ்சியது.

அதற்குள் அம்மாள் வந்து கதவைப் பார்த்தார். "அடடா! இதுக்குத்தாண்ணே உங்களையே கூப்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க."

மச்சான் தரையைப் பார்த்தான். நேர்கோடு ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும்.

"இது என் கை இல்லம்மா, இவன் கை," என்று தன் வலது கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மாள் கிட்டே வந்து பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே, விட்டுடாதீங்க," என்றார். சற்றுப் பொறுத்து மச்சான் பக்கம் திரும்பினார். "தம்பி, அடுத்த மாசம் எங்க அக்கா வீட்டு வேலை இருக்கு. நீங்க வந்து பாக்கறீங்களா?"

ஒரு வருஷமாக அவர் எதற்குப் பயந்தாரோ, அது இவ்வளவு சீக்கிரம் நடந்து முடிந்துவிட்டது. மச்சான் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். அவர் முந்திக்கொண்டார்.

"வருவான்மா. தாராளமா வருவான்."

சாயங்காலம் வீட்டில் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். கிளாஸில் பாதிதான் இருந்தது. ஒரு வருஷமாகவே பாதிதான். கஞ்சத்தனம் என்று அவர் கேலிகூடச் செய்திருக்கிறார்.

"முழுசா ஊத்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் தம்பி சொல்லிட்டான். ஊத்து. சிந்தினா சிந்தட்டும்."

அவள் விளிம்புவரை ஊற்றினாள். அவர் வலது கையாலேயே எடுத்தார். வாய்க்குப் போவதற்குள் சட்டையிலும் மடியிலும் சிந்தியது. அவள் துடைக்க எழவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.