அய்யனாருக்கு ஒரு மண் நாக்கு

போன ஆடி மாதம் ஒரு காலையில் அடுப்படியில் சட்டி விழுந்த சத்தம் கேட்டது. “எதைப் போட்டு ஒடச்ச?” என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டேன். பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் கேள்வி எதற்கும் வீரலட்சுமி பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. பயந்து ஓடினேன். என் மனைவி தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

பக்கவாதம் என்றார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். நடக்கவும் பழகிவிட்டாள். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

அன்பர்களே, நான் பாளையம்பட்டியில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவன். காதுகுத்து, கல்யாணம், பொங்கல் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு நானே மைக்கைப் பிடித்துக்கொள்வேன். நான் மைக்கைக் கீழே வைத்த பிறகுதான் பந்தி போட முடியும் என்று ஊரில் பேச்சு. வீட்டிலும் அப்படித்தான். யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், நான் பார்த்த ஒரு பாம்பு மூன்று பாம்பாகும். உடனே அடுப்படியிலிருந்து குரல் வரும்: “பொய்யி, பொய்யி. அவுக சொல்றத நம்பாதீக.” என் வண்டிக்கு இருந்த ஒரே பிரேக் அவள்.

அந்தக் குரல் போன வீட்டில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. “அத்... அத்...” என்பாள். அது ஒன்றுதான் வரும். ஒரு நாள் அப்படித்தான் தவித்தாள். தண்ணீர் கொடுத்தேன், தலையை ஆட்டினாள். காபி கொண்டுவந்தேன். தலையணையை மாற்றினேன். சீப்பை எடுத்தேன். கடைசியில் அவள் செருப்பைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சேலை மாற்றிவிடும்போதுதான் பார்த்தேன், முதுகெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருந்தது. எறும்பு என்று சொல்ல அவளால் முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

இன்னொரு நாள் என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. செட்டை வீட்டுக்குள் தூக்கிவந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் மைக்கை வைத்தேன். குரல் சின்னதாக இருந்தால் பெரிதாக்கித் தருவதுதானே என் தொழில்? “ஹலோன்னு சொல்லு லட்சுமி.” அவள் மூச்சு மட்டும் ஸ்பீக்கர் பெட்டி வழியாக வந்தது. வீடு முழுக்க மூச்சு. தாங்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

எங்கள் குலசாமி அய்யனார் நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறார். அங்கே வேளார்தான் பூசாரி, அவரே மண் குதிரையும் செய்வார். கால் நோவு தீர்ந்தால் மண்ணில் கால், பிள்ளை பிறந்தால் தவழும் பிள்ளை என்று வைப்பது எங்கள் வழக்கம். அவரிடம் போய், “வேளாரே, எனக்கு ஒரு நாக்கு செஞ்சு தரணும்” என்றேன்.

“நாக்கா? கை இருக்கு, காலு இருக்கு. நாக்குக்கு அச்சு இல்லையேப்பா. யாருக்கு, ஒனக்கா? அதான் ஏற்கெனவே ரெண்டு இருக்கே.”

“வீட்டுல அவளுக்கு. பேச்சு வரணும்.”

“பொண்டாட்டி பேசணும்னு வேண்டிக்கிட்டு வந்த மொத ஆளு நீதான்யா” என்று சிரித்தார். எத்தனையோ கல்யாண வீட்டில் நானே மைக்கில் சொன்ன பகடிதான் அது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவரும் நிறுத்திவிட்டார். “சரி, கையாலயே பிடிச்சு வைக்கிறேன். நீ போய் அவருகிட்டச் சொல்லு. பாத்துக் கேளு. கேட்டதக் கேட்டபடி குடுக்குற சாமி.”

சாமி முன்னால் நின்றேன். வருடா வருடம் அந்தக் கோவில் திருவிழாவில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். மைக் இல்லாமல் அய்யனாரிடம் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயே வரவில்லை. கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை, கருவேலமாக நின்றது. வெகுநேரம் கழித்து இவ்வளவுதான் சொன்னேன்: “அய்யா, ஒத்த வார்த்தை போதும். என்னையப் பொய்யன்னு சொன்னாலும் சரி.”

அடுத்த வாரம் மதுரையில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அய்யா, நீங்க ரொம்பப் பேசுறீங்க. அவங்களால தொடர முடியல. ஒங்க ரெண்டு பேரு வாழ்க்கையில நடந்தத சின்னச் சின்னதா எழுதி வாசிச்சுக் காட்டுங்க. எல்லாத்துலயும் பொதுவா ஒரு விஷயம் வரட்டும். அதப் பிடிச்சுக்கிட்டு அவங்களால கூட வர முடியும்.”

“எழுதணுமா? பேசுனாப் போதாதா?”

“பேசுனா நீங்க ஊரச் சுத்திருவீங்க.”

அந்தப் பொது விஷயத்துக்கு நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டேன். எங்கள் வாழ்க்கையில் பெரிதாக நடந்ததெல்லாம் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ரோட்டில் பஸ்ஸுக்குள்தான் நடந்தது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதினேன். பத்து வரிக்கு மேல் எழுத இடமில்லாதது நல்லதாயிற்று.

முதலில், கல்யாணமான புதிதில் திருச்சுழியில் அவளை விட்டுவிட்டு வந்த கதை. கண்டக்டரோடு பேசிக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன். பாளையம்பட்டியில் இறங்கும்போதுதான் பக்கத்தில் பொண்டாட்டி இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போனால், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். “பேசி முடிச்சாச்சா?” என்று மட்டும் கேட்டாள். வாசித்தேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அடுத்து, மகள் பிறந்த கதை. பஸ்ஸில் வலி எடுத்து, டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள், ஒரு ஆடு உட்பட. அன்றைக்கு மயங்கி விழுந்தது நான். வேண்டுமென்றே, நான் தைரியமாக நின்றேன் என்று எழுதினேன். இதற்காவது கோபம் வரட்டும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஒன்றுமில்லை. அடுத்த தடவை ஆட்டை மூன்று ஆடாக்கினேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொய்க்குக்கூட மதிப்பில்லாமல் போய்விட்டதே என்று அன்றைக்கு மிகவும் ஒடிந்துபோனேன். அய்யனாருக்கு என் குரல் கேட்கவில்லை என்றே நினைத்தேன்.

இனிப் பொய் எதற்கு என்று கார்த்திகை மாதம் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி ஒன்று எழுதினேன். மகளை நரிக்குடியில் புருசன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய நாள். சாயங்கால பஸ், கூட்டமில்லை. வீரலட்சுமி அழுவாள், நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவளைச் சன்னலோரம் உட்காரவைத்தேன். திருச்சுழி வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் அன்றைக்கு ஒரு நாள் பேசாமல் வந்தேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே பெரியமனுசத்தனம் இதுதான் என்று முடித்தேன்.

“பொய்யி.”

அட்டை கையிலிருந்து விழுந்தது. வாசலில் யாரோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. இடது கையை மெல்லத் தூக்கி என்னைக் காட்டினாள்.

“சன்ன... சன்னலு... நீங்க.”

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணை மூடி, பெரிய சுமையைத் தூக்குவதுபோல் மூச்சை இழுத்தாள்.

“அழுதீக.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சன்னல் கம்பியின் துரு வாடை. என் தோள்துண்டு நனைந்தது. பஸ்ஸுக்குள் யாரும் பார்க்காதபடி அவள் இந்தப் பக்கம் மறைத்து உட்கார்ந்திருந்தது. அழுதவன் நான். இத்தனை வருடமாக அதை அவள் பேரில் எழுதி வைத்திருந்திருக்கிறேன். வேண்டுமென்று சொன்ன பொய்யையெல்லாம் விட்டுவிட்டு, சத்தியம் என்று நினைத்துச் சொன்னதற்கு அய்யனார் அவள் வாயைத் திறந்தார். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள் மறுபடி “பொய்யி” என்றாள். வந்த வார்த்தையைச் சரிபார்த்துக்கொண்டாள்போல.

தை மாதம் நேர்த்தி செலுத்தப் போனோம். பஸ்ஸில் அவளை முதலில் ஏற்றிவிட்டு, உள்ளே தள்ளி உட்காரச் சொன்னேன். அவள் நகரவில்லை. சன்னலைக் காட்டி, “நீங்க” என்றாள். போய் உட்கார்ந்தேன். திருச்சுழி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள், கண்ணில் தூசி.

வேளாரின் மண் நாக்கு இப்போது குதிரைகளுக்கு நடுவே இருக்கிறது. பார்க்கிறவர்கள் செருப்பு என்கிறார்கள். இன்றைக்கும் அவளுக்கு முழுப்பேச்சு வரவில்லை. ஒரு நாளைக்குச் சில வார்த்தைகள், அதில் பாதி என்னைத் திருத்துவதற்கு. இப்போதெல்லாம் நான் மைக்கைச் சீக்கிரமே வைத்துவிடுகிறேன். பந்தி நேரத்துக்கு நடக்கிறது. வாரம் ஒரு அட்டை எழுதி வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். காத்திருப்பதைத்தான் இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது வாய் மூடிப் படுத்திருந்தால், உங்கள் சாமியிடம் போய்க் கூச்சப்படாமல் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். பிறகு வந்து பக்கத்தில் உட்காருங்கள். கேட்டது கிடைக்கும். இதை உங்களுக்கு எழுதி அனுப்புவதற்கு முன் அவளிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசியில் மட்டும், “ஆடு... ரெண்டு” என்றாள்.